விசில் ஓவசியரும் ஒரு சுற்றிவளைப்பும்

தன் சளியின் நிறத்தை அரசாங்கச் சுற்றறிக்கைக்குச் சமமாக மதித்த ஒரே ஊழியர், எனக்குத் தெரிந்தவரை, எங்கள் விசில் ஓவசியர்தான்.

போர்க்காலம். மட்டக்களப்பு வாவியோரம் ஒரு சின்ன நீர்ப்பாசன அலுவலகத்தில் நான் கிளாக்கர். காலை எட்டரைக்கு ஓவசியர் வந்து சைக்கிளைச் சுவரில் சாத்துவார். மூச்சு அடங்கும்வரை காத்திருப்பார். பிறகு வாசலில் நின்றபடியே அறிவிப்பார்: "வெள்ளை." அதன்பிறகுதான் எங்களுக்குத் தேநீர் இறங்கும்.

முப்பது வருடச் சுருட்டு அவருடைய நுரையீரலைத் தின்றிருந்தது. டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: இது மாறாத வருத்தம், அடக்கி வைத்திருக்கலாம்; ஆனால் இடைக்கிடை திடீரென்று மோசமாகும், அப்போதுதான் ஆபத்து. அந்தத் 'திடீர்' ஓவசியரைப் பிடித்துக்கொண்டது. ஷெல் சத்தம் கேட்டால் ஊரே உயிருக்குப் பயப்படும். அவர் ஊரடங்கு நேரத்தில் சளி பச்சையாகிவிடுமோ என்று பயப்படுவார்.

சுருட்டை விட்ட கையோடு எங்களைக் கூட்டி வைத்து வகுப்பு எடுத்தார். சளி கூடி, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, மூச்சும் வழமையைவிட முட்டினால், டொக்டர் முன்கூட்டியே தந்திருக்கும் குளிசைகளை அன்றைக்கே தொடங்கவேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. மூச்சு மருந்துப் பம்பை வாயில் அடித்தும் அடங்காவிட்டால், உதடு கறுத்தால், பகலில் தூங்கி விழுந்தால், ஒரு வசனத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாவிட்டால், அவரிடம் அனுமதி கேட்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும்.

"ஐயாட வசனத்த நல்ல சுவாசப்பை உள்ளவனாலயும் ஒரு மூச்சில முடிக்க ஏலாதே" என்றார் பியோன். ஓவசியர் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

விசில் என்ற பட்டம் வந்தது அவர் மூச்சு விடும் விதத்தால். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான தேநீரை ஊதுவதுபோல் மெதுவாக வெளியே விடுவார். சின்னதாக ஒரு சீழ்க்கை வரும். அது மூச்சு முட்டலைத் தணிக்கும், பயத்துக்கும் நல்லது என்று எங்களையும் பழக்கிவிட்டார். ஹெலிகொப்டர் தலைக்குமேல் போனால் அலுவலகம் முழுவதும் உதட்டைக் குவித்துக்கொண்டு கோப்புகளை ஊதிக்கொண்டிருக்கும்.

அறுவடை முடிந்து வயல்வட்டையில் வைக்கோல் எரித்த ஒரு வாரம், புகை ஊருக்குள் வந்து படுத்துக்கொண்டது. புதன்கிழமை ஓவசியர் வாசலில் நின்று, "மஞ்சள்" என்றார். யாரும் தேநீர் குடிக்கவில்லை. அன்றே எங்கள் கண் முன்னால் குளிசையைத் தொடங்கினார். அடுத்த நாள் காலை நிறத்தைச் சொல்லவே இல்லை. மேசையில் முழங்கையை ஊன்றிக் குனிந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் சொல்லி வாய் மூடமுன் இராணுவத்தின் சுற்றிவளைப்பு வந்துவிட்டது.

எல்லாரையும் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தினார்கள். ஆண்கள் வெயிலில் வரிசையாக. நாங்கள் பெண்கள் வேப்பமரத்தடியில். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதியில் ஓவசியரின் சீழ்க்கை மட்டும் தனியாகக் கேட்டது.

ஒரு சிப்பாய் வந்து, "யாருக்கு விசில்?" என்று தமிழில் கேட்டான்.

"இல்ல... தம்பி..." என்றார் ஓவசியர். அதற்கு மேல் வரவில்லை. இரண்டு சொல்! அரை மணி நேரத்துக்கு முற்றுப்புள்ளி வைக்காத மனிதர். அவர் டொக்டரின் கடிதத்தை எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டார். துவக்கு அவர் நெஞ்சுக்கு நேரே உயர்ந்தது.

நான் எழுந்து நின்றதை நானே பிறகுதான் உணர்ந்தேன். எனக்கு அப்போது தெரிந்த சிங்களம் பத்துச் சொல் இருக்கும். அவற்றில் எட்டு, கோப்பு மேசைமேல் இருக்கிறது என்று சொல்ல மட்டுமே உதவும். மிச்சம் இரண்டையும் சேர்த்துக் கத்தினேன்.

"சேர், லெடெக்! பப்புவ!"

நோயாளி, நெஞ்சு. அவ்வளவுதான். அதிகாரி ஒருவர் மெல்ல நடந்து வந்தார். ஓவசியரைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பார்த்தார். அங்கே பியோன், படவரைஞர், வாய்க்கால் வேலைக்கார லஸ்கர்கள் என்று எங்கள் அலுவலகத்து ஆண்கள் அத்தனை பேரும் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தார்கள். பயத்தில் அது தானாகவே வந்திருக்கிறது.

"இவங்களும் லெடெக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்ல சேர். அவங்களுக்குப் பயம்."

 அதிகாரி சட்டைப் பையிலிருந்த கடிதத்தை என்னை எடுத்துத் தரச் சொன்னார். எழுத்தெழுத்தாக வாசித்தார். ஒரு துண்டில் ஏதோ எழுதி என் கையில் தந்து, "போ" என்றார்.

கூடவே விட்ட பியோன் ஓட்ட, அலுவலக ட்ரக்டரின் பெட்டியில் ஓவசியரைக் குனிந்தபடி உட்காரவைத்து நான் பக்கத்தில் இருந்தேன். பிளாஸ்டிக் சோடாப் போத்தலில் ஓட்டை போட்டு அவரே செய்த கருவியில் பம்பைச் செருகி, ஒவ்வொரு அடியாக, இடைவெளி விட்டுக் கொடுத்தேன். வழியில் இரண்டு இராணுவச் சென்றிகள். இரண்டிலும் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதற்குள் அவருடைய உதடு நாவற்பழ நிறத்துக்கு வந்தது. கண் சொக்கியது. தூக்கம் வந்தால் மோசம் என்று அவர்தானே படிப்பித்தவர். நான் அவர் கையைப் பலமாகக் கிள்ளினேன்.

"கிள்ளாத... புள்ள" என்றார்.

"கதைங்க, ஐயா. எனக்கு ஏசுங்க."

"சம்பளம்... வெட்டுவன்."

பாலம் தாண்டும்வரை கிள்ளிக்கொண்டே போனேன். இரண்டிரண்டு சொல்லாக அவர் எனக்கு ஏச்சு வழங்கினார். ஏச்சு நின்ற இடங்களில் எனக்கு உயிர் நின்றது. வாவி இருபக்கமும் வெயிலில் மினுங்கிக் கிடந்தது. அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டு மருந்துப் புகை பிடித்தார்கள். ஊசி ஏற்றினார்கள். ஒட்சிசனைக் கொஞ்சமாகவே திறந்தார்கள். கூட்டித் திறக்கச் சொல்லி நான் அழ, இந்த வருத்தத்துக்கு அளவாகத்தான் கொடுக்கவேண்டும், கூடினாலும் ஆபத்து என்று தாதி விளக்கினார். பின்னேரம் உதட்டில் நிறம் திரும்பியது. அவர் கண்ணைத் திறந்து, கட்டிலின் கால் ஒன்று மற்றதைவிடக் கட்டை, இதைச் செய்தவன் மட்டம் பார்க்கத் தெரியாதவன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். நான் வெளிவிறாந்தைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவருடைய மனைவி எப்படியோ வந்து சேர்ந்தபோது ஐந்து மணி தாண்டியிருந்தது. அழுது முடித்ததும் என் கையைப் பிடித்தார்.

"நீ போ கா, புள்ள. ஊரடங்குக்கு முன்னம் கடைசி பஸ் இரிக்கு. உன்ட அம்மா தேடுவா."

"பஸ் போயித்து அக்கா" என்றேன்.

யன்னலுக்குக் கீழே, தெருவில், அது இன்னும் ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்றது.