வழுக்கை டயரும் பீச் ஜாடிகளும்

என் மனைவி ஜனெல்லிடம் உண்மையைச் சொல்வதில்லை என்று தீர்மானித்தேன். நான் எடுத்த தீர்மானங்களிலேயே அதிக நாள் உயிரோடிருந்தது அதுதான். மேயில் பிறந்தது, ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தது.

உண்மை இவ்வளவுதான். சித்தப்பா மகன் பண்ணையில் தங்கி வேலி கட்டப்போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, சமையலறையும் படுக்கையும் உள்ள எங்கள் டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். படகு இறக்கும் சரிவில் பின்னால் எடுக்கும்போது வலது சக்கரம் சிமெண்ட் விளிம்பைத் தாண்டி விழுந்தது. 'டொம்' என்று ஒரு சத்தம். ஜாக்கி வைத்துத் தூக்கினேன். ஒரு கீறல் இல்லை. நான் மறந்துவிட்டேன். சக்கரங்களைக் கோக்கும் இரும்புத் தண்டு, அந்த ஆக்சில், மறக்கவில்லை. கோடை முழுக்க ஊர் சுற்றிவிட்டு ஆகஸ்டில் குனிந்து பார்த்தால், வலது டயரின் உள்பக்கம் மட்டும் என் தலை மாதிரி வழவழவென்று இருந்தது. வெளிப்பக்கம் என் மைத்துனன் தலை மாதிரி அடர்த்தி.

ஆக்சில் வளைந்தால்தான் டயர் இப்படித் தேயும். எங்கே வளைந்தது என்று ஜனெல் கேட்பாள். அவள் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள்: "அந்தச் சரிவுல மட்டும் டிரெய்லரை இறக்காதே வேட். இறக்கினேன்னு தெரிஞ்சுது, உன் மீன்பிடிக்கு அதோட முழுக்கு."

மீன்பிடி என்பது செப்டம்பர் முதல் வாரம். நானும் பக்கத்து வீட்டு ஆரினும் டிரெய்லரோடு ஏரிக்கரையில் கிடப்போம். வருஷம் முழுக்க நான் கணவன். அந்த ஒரு வாரம்தான் மனிதன்.

யோசித்தேன். டிரெய்லரின் இடது சக்கரத்துக்கு நேர் மேலே சமையல் அலமாரி. அதற்குள் மாநிலக் கண்காட்சிப் போட்டிக்காக ஜனெல் பாகு காய்ச்சி அடைத்த பீச் பழ ஜாடிகள். ஒவ்வொன்றும் செங்கல் கனம். வலது டயரைக் கழற்றி இடதில் மாட்டிவிட்டால்? பழி பீச் மேல்.

ஜனெல் தேவாலயத்துக்குப் போன நேரம் பார்த்து ஆரினை ஜாக்கியோடு வரச் சொன்னேன்.

"கண்டுபிடிச்சுட மாட்டாளா?" என்றான் ஆரின்.

"டயர்னா கறுப்பு. இந்தக் கறுப்புக்கும் அந்தக் கறுப்புக்கும் என்ன வித்தியாசம்?"

"எனக்குத் தெரியாது. ஆனா நான் உன் பொண்டாட்டி இல்லையே."

மாற்றினோம். கை கழுவினேன். அவள் வந்ததும் முகத்தைத் துக்க வீட்டு முகமாக்கிக்கொண்டு கூட்டிப்போனேன்.

"பாரு. இடது டயர் உள்பக்கம் சுத்தமா போச்சு. உன் ஜாடி கனம்தான். ஆக்சிலை ஒரு பக்கமா அமுக்குது."

ஜனெல் குந்தி உட்கார்ந்தாள். டயரின் உள்பக்கம் கையை விட்டுத் தடவினாள். பிறகு வெளிப்பக்கம் எதையோ கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள். வலது பக்கம் போய் அங்கேயும் பார்த்துவிட்டு வந்தாள்.

"வலது டயர் புதுசு மாதிரி இருக்கே, செல்லம்."

என் மனைவி கல்யாணத்தன்று 'செல்லம்' என்றாள். அதற்குப் பிறகு, நான் அவளுடைய அப்பாவின் டிராக்டரைக் குட்டைக்குள் விட்டபோதுதான் சொன்னாள்.

"அந்தப் பக்கம் கனமே இல்லையே," என்றேன்.

"அப்ப ரெண்டு பக்கமும் கனம் சமமா இருந்தா டயர் தேயாது?"

"தேயாது."

"அப்போ சரி. வீட்டுல இருக்கிற மீதி ஜாடிங்களை வலது பக்கப் பெட்டியில வெச்சிடலாம்."

"அங்கே என் தூண்டில் சாமான் இருக்கே."

"அதான் கனமே இல்லைன்னியே. அதை எடுத்து கராஜ்ல போடு."

போட்டேன். வேறு என்ன செய்ய? என் சாமான் இருந்த இடத்தில் இன்னும் நாலு பெட்டி பீச் ஏறியது. அதுவும் வளைந்த பக்கத்தின் தலைமேலேயே. அரைக் கண்காட்சிக்குச் சோறு போடலாம்.

கண்காட்சிக்குப் போகும் வழியெல்லாம் என் உயிர் வலது சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பெட்ரோல் போட நிறுத்தினால் ஓடிப்போய்க் குனிவேன். காபி குடிக்க நிறுத்தினால் குனிவேன்.

"ஏன் வலதையே பாக்கறே?" என்றாள் ஜனெல். "நோயாளி இடது பக்கம்தானே?"

"ஆரோக்கியமா இருக்கிறவங்களையும் விசாரிக்கணும்ல."

"நல்ல மனசு உனக்கு."

கண்காட்சியில் பீச்சுக்கு நீல ரிப்பன் கிடைத்தது. முதல் பரிசு. சாயங்காலம் டிரெய்லருக்கு வெளியே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஜனெல் ஒரு ஜாடியைத் திறந்து முள்கரண்டியோடு என் கையில் கொடுத்தாள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"ஆக்சில் நிமிர்த்தற கடையில பேசிட்டேன்," என்றாள். "செப்டம்பர் முதல் வாரம் முழுக்க டிரெய்லர் அங்கேதான். வலது பக்கம் வளைஞ்சிருக்குன்னு சொல்லியிருக்கேன்."

முள்கரண்டியை ஜாடிக்குள்ளேயே விட்டுவிட்டேன். "இடது..."

"வா இங்கே." இடது சக்கரத்தருகே கூட்டிப்போய் காட்டினாள். காற்றடிக்கும் வால்வின் மூடி இளஞ்சிவப்பாக மின்னியது. "மாசா மாசம் இதுக்கெல்லாம் காத்து பாக்கறது யாரு?"

"நீ."

"வசந்தத்துல வலது டயர் மூடி தொலைஞ்சு போச்சு. வேற ஒண்ணு போட்டேன். மறுபடி தொலையக் கூடாதுன்னு என் நகப்பூச்சை அதுல பூசினேன். வலது பக்கம் பூசினேன், வேட். அது எப்படி நடந்து இங்கே வந்துது?"

இத்தனை வருஷத்தில் நான் ஒரு டயருக்காவது காற்றுப் பார்த்திருந்தால் அந்த மூடி என் கண்ணில் பட்டிருக்கும்.

"ஏதோ சாலைக் குழியில..." என்று ஆரம்பித்தேன்.

"குழியா? படகுச் சரிவுன்னு நினைச்சேன்."

"ஆரின் சொல்லிட்டானா?"

"இல்லையே," என்றாள். "நீதான் இப்போ சொன்னே."

தூரத்தில் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் ஏறி இறங்காமலே இருந்துவிடலாமா என்று பார்த்தேன். ஜனெல் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு, இரண்டாவது ஜாடியைத் திறந்து என் மடியில் வைத்தாள். பின்னால் டிரெய்லரின் இரண்டு பக்கமும் ஜாடிகள் பெட்டி பெட்டியாக இன்னும் இருந்தன.

"சாப்பிடு, செல்லம்," என்றாள். "கனம் குறையட்டும்."