கம்பி படியவில்லை

இன்று நாம் பார்க்கப் போகும் பிராணிக்கு நான் வைத்திருக்கும் பெயர் கம்பிதேடி. பேஸ் கிட்டார் உள்ள வீடுகளில் இது காணப்படும். பேஸ் கிட்டார் என்பது நான்கே நான்கு தடித்த கம்பிகள் கொண்டது. பாட்டுக்கு அடியில் கிடந்து தும் தும் என்று உறுமுவது. ஒலிக்கும்போது யார் கவனத்துக்கும் வராமல், நின்றுபோனால் மட்டும் ‘என்னமோ குறையுதே’ என்று சொல்ல வைப்பது. அதை வாசிப்பவர்கள் உலகில் ஏராளம். கம்பிதேடி அவர்களில் சேர்த்தியில்லை. அது வாசிக்கப் போகிறது. சரியான கம்பி மட்டும் கிடைக்கட்டும், வாசித்துவிடும்.

எப்படி அடையாளம் காண்பது என்கிறீர்களா? கையைப் பாருங்கள். வாசிக்கிறவருக்கு விரல் நுனி காய்த்திருக்கும். கம்பிதேடிக்கு உள்ளங்கை காய்த்திருக்கும், குறடு பிடித்துப் பிடித்து.

இந்த இனத்தோடு எங்கள் குடும்பத்துக்கு நெருங்கிய சம்பந்தம் உண்டு. என் அக்காவையே கட்டிக் கொடுத்திருக்கிறோம். அத்தானுக்குக் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் உத்தியோகம். அதனால் எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாசிக்கும்போது அவருக்கு விரல் வலித்தது. ‘டென்ஷன் குறைஞ்ச கம்பி போட்டுப் பாருங்க’ என்று யாரோ ஒரு புண்ணியவான் சொல்லிவிட்டுப் போனார். விரலில் இருந்த டென்ஷன் அன்றைக்கே வீட்டுக்கு இடம் மாறியது.

“சாதாரணக் கம்பி நாலும் சேர்ந்து எழுபது கிலோ இழுக்குது மச்சான். இந்தக் கழுத்துல ஒரு ஆள் தொங்குற மாதிரி. நான் தேடுறது அம்பத்தஞ்சு கிலோ. அதுல வாசிச்சா வெண்ணெய் மாதிரி இருக்கும்.”

அந்த வெண்ணெயைத் தேடி ஒவ்வொரு மாதமும் ஒரு கம்பிக் கட்டு வரும். உறையைப் பிரித்து, அக்கா மாவு நிறுக்கும் தராசில் கம்பிகளை ஒவ்வொன்றாக நிறுத்து, எடையை வைத்து இழுவையைக் கணக்கிட்டு நோட்டில் எழுதி, பழையதைக் கழற்றி, புதியதை மாட்டி, முறுக்கி, வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் அதன்மேல் கட்டைவிரலை வைத்துக் கண்ணை மூடி, ஒரே ஒரு தும் எழுப்பிவிட்டு அத்தான் சொல்வார்: “நல்ல கம்பி. ஆனா...”

அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் ஒரு மாதம் ஓடிவிடும். தளர்ந்த கம்பி வீசி ஆடும். ஆடி, கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கீற்றுகளில் இடித்துச் சடசடக்கும். கம்பியை உயர்த்துவார். உயர்த்தினால் அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் விரல் வலிக்கும், வலித்தால் வேறு கம்பி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், பாவம். இவர் மாதாமாதம் புதுக் கூடம் கட்டிவிட்டுச் சொல்கிறார்.

கிட்டார் ரிப்பேர் கடைக்காரர் ஒருமுறை அத்தான் வாசிப்பதைக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: “சார், கம்பி தளர்ந்தா கையும் தளரணும். நீங்க பூட்டின கதவைத் தட்டுற மாதிரி தட்டுறீங்க. லேசா மீட்டுங்க, போதும்.”

அத்தான் அந்தக் கடைப் பக்கம் அப்புறம் போகவில்லை. அந்த ஆளுக்கு விஷயம் போதாதாம்.

நாங்கள் நான்கு பேர் ஒரு குழு. பல் டாக்டர் பாடுவார், லிஃப்ட் மெக்கானிக் டிரம்ஸ், நான் கீபோர்டு, அத்தான் பேஸ். ஞாயிறு மாலை டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒத்திகை. அத்தான் தவறாமல் வருவார். கிட்டாரும் வரும். ஆனால் “கம்பி இன்னும் படியல” என்று அதை நாற்காலியில் சாய்த்துவிட்டு, எங்கள் வாசிப்பில் எங்கே சத்தம் தூக்கல், எங்கே குறைச்சல் என்று சொல்லிக்கொண்டிருப்பார். பேஸ் இல்லாமல் பாட்டு மொட்டையாக நின்றது. ஒரு பாட்டுக்கு மட்டும் என்று என் இடது கையால் கீபோர்டின் அடிக்கட்டைகளில் தும் தும் போட்டேன். அடுத்த வாரம் மூன்று பாட்டு. அப்புறம் எல்லாமே.

ஒரு நாள் மெக்கானிக் வியர்வையைத் துடைத்தபடி, “இன்னைக்கு பேஸ் சூப்பர்” என்றார். சொன்ன பிறகுதான் நாற்காலியைப் பார்த்தார். அதில் கிட்டார் ஒரு கம்பிகூட இல்லாமல் சாய்ந்திருந்தது. அத்தான் ஜன்னலைத் திறக்கப் போனார்.

அந்த நேரம் பார்த்து எங்களுக்கு முதல் மேடை கிடைத்தது. நூலகத்து மண்டபத்தில் நாற்பது நிமிஷம். அத்தானை வைத்துக்கொண்டு மேடையேறுவதா, விட்டுவிட்டா? “நீங்கதான் சொந்தக்காரர், நீங்களே பேசிடுங்க” என்றார் டாக்டர். பல்லைப் பிடுங்குகிறவருக்கு இதைச் சொல்லத் தைரியமில்லை.

அக்காவோ போனிலேயே வழிமறித்தாள். “ஏதாவது சொல்லி அவரை ஒதுக்கிடாதடா. நாலு வருஷமா அந்தக் கிட்டாரோட குடித்தனம் பண்றேன். ஒரு தடவையாவது மேடையில பாக்கணும். லீவு கூடப் போட்டுட்டேன்.”

அவர்கள் வீட்டுக்குப் போனேன். அத்தான் புதுக் கம்பி மாட்டியிருந்தார். கறுப்பு நைலான் சுற்றியது. நிறுத்துக் கணக்கும் போட்டாயிற்று, இழுவை அம்பத்தஞ்சு கிலோவேதான். “வாசிங்க அத்தான்” என்றேன். அறுந்துவிடுமோ என்று பயந்தாரோ என்னவோ, ஜென்மத்தில் முதல் தடவையாக லேசாக மீட்டினார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு சடசடப்பு இல்லை. ஒலி உருண்டு திரண்டு, வட்டமாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. என் இடது கை ஏழு ஜென்மம் எடுத்தாலும் அப்படி வாசிக்காது. பொறாமையாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

“அத்தான், இதான். இதேதான். இதுலயே மேடையேறுங்க.”

அவர் முகம் செத்துவிட்டது. கம்பியைத் தடவினார். தராசைப் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். அதில் குறை எழுத ஒன்றுமில்லை.

“நல்ல கம்பி. ஆனா புதுசு மச்சான். படிய ஒரு மாசமாவது ஆகும். இந்த ஒரு தடவை உன் இடது கையே சமாளிக்கட்டுமே.”

சொல்லி முடித்ததும் பெருமூச்சு விட்டார் பாருங்கள், அத்தனை நிம்மதியை நான் அவர் முகத்தில் பார்த்ததே இல்லை. கையில்தான் கோளாறு என்று நாங்கள் நினைத்திருந்தோம். கையில் ஒன்றுமில்லை. மனுஷனுக்குப் பயம்.

அக்கா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்ப என் லீவை கேன்சல் பண்ணிடறேன்” என்றாள்.

“எதுக்கு? நாம ரெண்டு பேரும் முன் வரிசையில உக்காந்து கேப்போம்” என்றார் அத்தான், உற்சாகமாக.

அவள் உள்ளே போனாள். கச்சேரிக்கும் வரவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் கிட்டார் கிடையாது. ஓடப் போவதற்கு ஏற்ற ஷூதான் இன்னும் அகப்படவில்லை; எழுதப் போகும் நாவலுக்கு மேஜை உயரம்தான் சரியில்லை; அவ்வளவுதானே? தேடுங்கள், தப்பில்லை. ஆனால் தேடிய பொருள் என்றைக்காவது குறையே இல்லாமல் கையில் வந்து சேரும். அந்த நிமிஷம் உங்கள் முகம் மலர்ந்தால், நீங்கள் வேறு இனம். முகம் செத்துவிட்டால் கூச்சப்படாமல் வாருங்கள். முன் வரிசையில் அத்தானுக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.