சாமை, சாமி, அட்மின்

அட்மின் என்று ஓர் இனம் இருக்கிறது. மலைக்காரர்களான எங்கள் இனத்துக்குச் சான்றிதழ் வாங்கத்தான் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்க வேண்டும். இந்த இனத்தில் சேர ஒரு போனும், நாலு பேரை இழுத்துப் போட ஒரு விரலும் போதும். அன்றைக்கே பிறந்துவிடலாம்.

அடையாளம் சொல்கிறேன். சேவலுக்கு முன்னே எழுந்து, ரோஜாப்பூப் படத்தில் காலை வணக்கம் வைப்பார். பொழுது ஏறியதும் நம் முன்னோர் எவ்வளவு பெரிய அறிவாளிகள் என்று எங்கிருந்தோ வந்ததை எங்கேயோ தள்ளிவிடுவார். மத்தியானம் ஒரு கோதுமை வயல் படத்தைப் போட்டு, 'எங்கள் மலையின் சாமை' என்று பெருமைப்படுவார். நாம் ஏதாவது சொன்னால் கட்டைவிரலைக் காட்டுவார். நாம் ஏதாவது கேட்டால்? விதி போடுவார்.

எங்கள் அட்மின் தமிழரசன். கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை. அம்மா வீடு வெள்ளிமலையில். பொங்கலுக்கு வந்து போவார். அப்படி வந்த ஒரு தடவைதான் மலை அழியப்போகிறது என்று திடீரென்று அவருக்குத் தெரிந்து, 'கல்வராயன் மலை மரபறிவுப் பாதுகாப்புப் பெட்டகம்' என்று ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்து, கண்ணில் பட்டவர்களை எல்லாம் உள்ளே போட்டார். மலையின் அறிவு இனிமேல் பத்திரம் என்றார். பத்திரமாகத்தான் இருந்தது. யாரும் எடுக்க முடியாத அளவுக்குப் பத்திரம்.

பொய் சொல்லக் கூடாது, முதல் இரண்டு மாதம் அந்தக் குழு தேன்கூடு மாதிரி இரைந்தது. கிழங்கை எத்தனை தண்ணீர் மாற்றி வேக வைப்பது என்று ஒருத்தி வாய்ஸ் போடுவாள். அப்படி இல்லை என்று அடுத்த மலைக்காரி சண்டைக்கு வருவாள். கேரளாவில் தோட்ட வேலைக்குப் போயிருக்கிற பாண்டியன், தேர்ப்பாட்டில் தனக்கு மறந்துபோன அடியைக் கேட்பான். நாலு ஊரிலிருந்து நாலு விதமாகப் பாடி அனுப்புவோம். எழுத்து தெரியாதவர்கள் மட்டும் பதினோரு பேர் இருந்தோம். எங்கள் ஊரில் தண்ணித்தொட்டி மேட்டில்தான் டவர் எடுக்கும் என்பதால் அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம்.

பேச்சு பெருகினால் அட்மினுக்குப் பொறுக்குமா? விதி வந்தது. வாய்ஸ் கூடாது, எழுத்து மட்டும்தான். அந்த விதியையும் எழுத்தில்தான் போட்டார்! படிக்கத் தெரிந்தவர்கள் படித்துப் பயந்தார்கள். எங்களுக்கு அது தெரியாது என்பதால் நாங்கள் பயப்படவில்லை. போடப் போட, வாய்ஸ் காணாமல் போயிற்று. கடைசியில் அவரே போன் செய்தார்.

"ஆயா, வாய்ஸ் போடாதீங்க. எழுத்துதான் ஆவணம்."

"எனக்குத்தான் எழுதத் தெரியாதே தம்பி."

"கீழ மைக் படம் இருக்கும், அத்த அமுக்கிப் பேசுங்க. போனே எழுதிக்கும்."

"அப்பவும் பேசத்தானே போறேன்?"

"பேச்சு வேற, எழுத்து வேற ஆயா."

சரிதான் என்று வைத்துவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்கிறவரிடம் எழுத்தைப் பற்றி வாதாட முடியுமா?

இப்படி இருக்கும்போதுதான் எழில்மதி எழுத்தில் கேட்டாள்; பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று எங்களுக்குப் படித்துக் காட்டியது. முகம் தெரியாத பெண். குழுவில் அவள் பேருக்குப் பக்கத்தில் ஒரு கன்றுக்குட்டிப் படம் இருக்கும். கல்யாணமாகிப் போன ஊரில் எல்லாரும் மரவள்ளி போடுகிறவர்கள். தன் பங்குக்கு வந்த மேட்டில் முதல்முதலாகச் சாமை போடப் பார்க்கிறாள். கையில் இருப்பது இரண்டு படி விதை. அடர்த்தியாக விழுந்தால் பாதி நிலத்திலேயே தீர்ந்துபோகும், வேறு விதைக்கு வழியில்லை. மழை பெய்து ஈரம் நிற்கிறது; ஒரு வெயில் அடித்தால் அதுவும் போச்சு. எப்படி வீசுவது?

எங்களில் தைலம்மாளுக்குத்தான் அந்தக் கை. விதிக்குக் கட்டுப்பட்டவள் வேறு. மைக் படத்தை அமுக்கி, "சாமைமேல மூணு பங்கு மண்ண அள்ளிப் போடு, ரெண்டு கையால கலக்கி வீசு" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். சாமை பொடி விதை. மண்ணோடு கலந்தால்தான் கை பிடிக்கும், பரவலாக விழும்.

போனுக்குச் சாமையைத் தெரியுமா? அது சாமியைத்தான் கேள்விப்பட்டிருக்கிறது. 'சாமிமேல மூணு பங்கு மண்ண அள்ளிப் போடு, ரெண்டு கையால கலக்கி வீசு' என்று எழுதிவிட்டது.

குழு கொதித்தது. கும்பிடுகிற கை நாற்பது வந்தது. கோபமூஞ்சி இருபது வந்தது. அட்மின் ஊர் முழுக்க மன்னிப்புக் கேட்டுவிட்டு, தைலம்மாளைக் கூப்பிட்டார்.

"இன்னா பெரிம்மா, சாமி மேலயா மண்ண வாரிப் போடுவீங்க?"

"சாமை மேலடா!"

"எழுத்துல சாமின்னுதான் இருக்குது."

"நான் சொன்னத நம்புவியா, போன் எழுதினத நம்புவியா?"

"ஆவணம் அதுதானே பெரிம்மா."

தைலம்மாள் குழுவிலிருந்து நீக்கப்பட்டாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தைலம்மாளையும் இழுத்துக்கொண்டு தண்ணித்தொட்டி மேட்டுக்குப் போய், ரோஜாப்பூக்களை எல்லாம் தள்ளித் தள்ளி, கன்றுக்குட்டியைக் கண்டுபிடித்து அமுக்கினேன். அந்தப் பெண் எடுத்தாள்.

"ஆயா, நான் விதையக் கையில வெச்சிக்கினு நிக்கிறேன். எந்த சாமி மேல போடணும்? வூட்டு சாமியா, கோயில் சாமியா?"

"எந்த சாமியும் வாணாம்டி என் கண்ணு!" என்று போனைத் தைலம்மாளிடம் கொடுத்தேன். சாமையில் மண்ணைக் கலந்துகொள், வேகமாக வீசாதே, காற்றுக்கு முதுகு காட்டு, ஒரு தப்படிக்கு ஒரு கை என்று அவள் சொல்லச் சொல்ல, அங்கே எழில்மதி வீசுகிற சத்தம் போனிலேயே கேட்டது. ஈரம் காய்வதற்குள் மேடு முடிந்தது. ஒரு கைப்பிடி விதை மிச்சம்.

அன்றைக்கே நாங்கள் தனிக்குழு ஆரம்பித்தோம். போன் பேர் கேட்டது. ஒரு சேவல் படத்தை அமுக்கினோம். அதுதான் பேர். ஒரே விதி: எழுத்து கூடாது.

சாமை முழங்கால் உயரம் வந்ததும் அட்மின் எழில்மதி நிலத்தில் வந்து இறங்கினார். பயிருக்கு முதுகைக் காட்டி, போனுக்கு முகத்தைக் காட்டி, "நமது பெட்டகத்தின் பெருமுயற்சியால்..." என்று வீடியோ எடுத்தார். பேசி முடித்துவிட்டு, "தங்கச்சி, விதைக்கிற மாதிரி ஒருவாட்டி வீசிக் காட்டு" என்றார்.

"விதை இல்லண்ணே, மண்ணுதான் இருக்குது."

"இன்னா இப்ப? மண்ணையே வீசு. படத்துல தெரியாது."

அவள் காற்றுக்கு முதுகு காட்டி நின்றாள். அவர் எதிரே நின்றார். மூணு பங்கு மண்ணும் அவர் தலைமேல் தெரிந்தது.

அவர் பார்க்காமலே பெட்டகத்தில் தள்ளிவிட்ட அந்த வீடியோ இப்போது சேவலில் இருக்கிறது. நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிற ஆவணம் அது ஒன்றுதான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் போனில் யாரோ உங்களுக்கென்று பேசி அனுப்பியதைக் கேட்காமலே கட்டைவிரல் காட்டினீர்களே, அது எத்தனை? நான் சொல்லச் சொல்ல யாரோ எழுதிய இதையே பாதி படித்துவிட்டு, 'நம் மலையின் பெருமை' என்று எழுதிப் பத்துப் பேருக்குத் தள்ளிவிடக் கை துறுதுறுக்கவில்லையா? எதற்கும் தலையை ஒருமுறை தட்டிப் பாருங்கள். மண் உதிர்ந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், சேவலில் இடம் இருக்கிறது. வாயால் சொல்லுங்கள்.