தண்டனை கேட்டு மனுப்போட்டவர்

அரசாங்க உத்தியோகம் என்று ஒன்று ஏற்பட்ட நாளிலிருந்து, தனக்குத் தண்டனை வேண்டும் என்று நடையாய் நடந்த ஒரே மனிதர் எங்கள் அட்டை சார்தான். வேறு யாராவது உண்டென்றால் எனக்கு எழுதுங்கள். நான் நம்பப் போவதில்லை, அது வேறு விஷயம்.

எழுபதுகளின் கடைசியில், பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் புது வாத்தியாராகச் சேர்ந்தேன். டவுனில் ஒரு மாடி அறையை எனக்கும் இன்னொருவருக்குமாக ஹெட்மாஸ்டர் பிடித்துக் கொடுத்தார். அந்த இன்னொருவர்தான் அட்டை சார். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு சொந்தப் பெயர் இருந்தது. ஹெட்மாஸ்டரே அதைத் தேடித்தான் கண்டுபிடிப்பார்.

அட்டை என்றால் ரத்தம் குடிக்கிற அட்டை. நான் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் வேட்டியை முழங்காலுக்கு ஏற்றிக் காலைக் காட்டினார். ஊசி முனை அளவில் கறுப்புப் புள்ளிகள், எண்ணி மாளாது.

"பதினாலு வருஷம் தம்பி! ஒண்ணொண்ணும் அட்டை கடிச்சது. தொட்டுப் பாக்குறீங்களா?"

"வேணாங்க சார்."

"சும்மா தொடுங்க, ஒண்ணும் பண்ணாது."

தொட்டேன். அன்றைக்குப் பிடித்துக்கொண்டவர், விடவில்லை.

மனிதருக்குச் சொந்த ஊர் ஜெயங்கொண்டம் பக்கம். சின்ன வயதிலேயே வேலை கிடைத்து மேற்கு மலையில் ஈரப்பாறை என்ற ஊருக்குப் போயிருக்கிறார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒரு நாள் நடை. பன்னிரண்டு குடிசை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு வாத்தியார். வருஷத்தில் எட்டு மாதம் மழை. போட்ட துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, வெயில் மரத்து உச்சியோடு நின்றுவிடும். கேட்டுவிட்டு "ஐயோ பாவம்" என்றேன். அவ்வளவுதான், முகம் சிவந்துவிட்டது.

"எது பாவம்? அங்க சாக்பீஸ் எழுதாது தம்பி, அவ்ளோ ஈரம். புள்ளைங்க கரித்துண்டால பாறையில எழுதும். மழை வந்து அழிச்சிட்டுப் போயிடும். டஸ்டரே தேவையில்ல! இங்க என்ன இருக்கு? வாயத் தொறந்தா புழுதி!"

அப்புறம் ஏன் வந்தார் என்கிறீர்களா? ஒரு மேலதிகாரி ஈரப்பாறைக்கு ஆய்வுக்கு வந்திருக்கிறார். பூட்ஸைக் கழற்றினால் இரண்டு காலிலும் அட்டை. அதிகாரி அலறியிருக்கிறார். நம்ம ஆள் ஆறுதல் சொல்லியிருக்கிறார்: "பயப்படாதீங்க சார், அது கெட்ட ரத்தத்தத்தான் குடிக்கும். உங்ககிட்ட நெறைய வந்திருக்கு."

"உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்துறேன் பார்" என்று சொன்ன அதிகாரி, சொன்னபடியே பெரம்பலூருக்கு மாற்றிவிட்டார். சொந்த ஊருக்குப் பக்கத்தில் போடச் சொல்லி ஊரே கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. இவர் மட்டும் அதைத் தண்டனையாக அனுபவித்தார். தினமும் மூன்று மணிக்கு, அங்கே மழை வருகிற நேரத்துக்கு, பள்ளி மைதானத்தின் நடுவில் கொளுத்துகிற வெயிலில் குடையை விரித்துக்கொண்டு நிற்பார். ஒரு துளி விழாது. கால் மணி நேரம் நின்றுவிட்டு, மழை விட்ட மாதிரி குடையை உதறி மடக்கிக்கொண்டு வகுப்புக்குப் போவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் இழுத்துக்கொண்டு சாத்தனூர் கல்மரத்தைப் பார்க்கப் போவார். அத்தனை பெரிய மரம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான், அதுவும் கல்லாகிப் படுத்துக் கிடக்கிறது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"இது இங்க மொளைச்சது இல்ல தம்பி. எங்கேயோ காட்டுல நின்னத வெள்ளம் கொண்டாந்து போட்டிருக்காம். இதுவும் டிரான்ஸ்ஃபர்ல வந்ததுதான்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஒரு மார்ச் மாதம் தபால் கார்டு ஒன்று வந்தது. எழுதியவன் அவரிடம் படித்து ஃபாரஸ்ட் வாட்சர் ஆனவன். ஈரப்பாறையிலேயே முதன்முதலாக அரசாங்கச் சம்பளம் வாங்கியவன் அவன்தான். இரண்டு வருஷமாக அங்கே வாத்தியார் இல்லை, ஜூன் முடிவதற்குள் யாரும் வராவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள், பதினோரு பிள்ளைகளையும் ஏலக்காய் எஸ்டேட் வேலைக்குப் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தான். அட்டை சார் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாளே திருச்சி கல்வி ஆபீசுக்கு மனுவோடு போனோம். கிளார்க் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆசப்பட்டு எவனாச்சும் அங்க போவானாய்யா? கஞ்சா போட்டிருக்கீரா? இல்ல, ரெண்டாம் சம்சாரமா?"

"மொத சம்சாரமே இல்லீங்க."

"அந்த எடமெல்லாம் பனிஷ்மென்ட்டுக்குத்தான் குடுப்போம். கேட்டவங்களுக்குக் குடுக்குறதில்ல. போங்க."

அன்றைக்குத்தான் அட்டை சார் கெட்டுப்போவது என்று முடிவு செய்தார். ஆனால் பழக்கமில்லாத ஆள். அரை மணி நேரம் தாமதமாக வந்தார். ஹெட்மாஸ்டர் அவருக்கும் பின்னால் வந்து, "ஸ்கூலத் தொறந்து வச்சதுக்குத் தேங்க்ஸ் சார்" என்றார். ஆய்வுக்கு வந்தவர் முன்னால் எழுந்திருக்காமல் கால்மேல் கால் போட்டுப் பார்த்தார். "மூட்டு வலியா சார்? எங்கப்பாவுக்கும் இருக்கு" என்று அந்த நல்ல மனிதர் தைல டப்பாவை எடுத்துக் கொடுத்தார். பொறுக்க முடியாமல் அட்டை சார் அவரிடமே, "நான் ஒழுங்கா வேல பாக்குறதில்லீங்க" என்று ஒப்புக்கொண்டார்.

"அப்படியெல்லாம் பேசாதீங்க. தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவாங்க."

"ஐயா, அங்கேருந்துதாங்க பேசுறேன்!"

ஏப்ரல் போய் மே வந்துவிட்டது. மனிதர் இளைத்துப் போனார். எனக்கே தாங்கவில்லை. "சார், கையெழுத்துப் போட்ட மனுவ எந்த ஆபீஸ்ல படிக்கிறாங்க? மொட்டைப் பெட்டிஷன் போடுவோம். ப்யூன்லேருந்து பெரியவர் வரைக்கும் படிப்பாங்க" என்றேன். ஊர் பேர் இல்லாமல் ஒருவர்மேல் புகார் எழுதிப் போடுவதில் நம்மவர்களுக்கு உள்ள கைத்திறமை உங்களுக்குத் தெரியாததா? ஆனால் தன்மேலேயே புகார் எழுதச் சொல்லி எதிரில் உட்கார்ந்து டீ குடித்தவர் இவர்தான். அதிலும் ஒரு நிபந்தனை: "பொய் எழுதக் கூடாது தம்பி."

பொய் இல்லாமல் மொட்டைப் பெட்டிஷனா! தலையில் அடித்துக்கொண்டேன். இருந்தாலும் எழுதினேன். வேலை நேரத்தில் குடைபிடித்து நிற்கிறார், உண்மை. கல்லிடம் போய்ப் பேசுகிறார், உண்மை. மேலதிகாரியின் ரத்தம் கெட்டது என்று சொன்னார், அதுவும் உண்மை. 'இப்பேர்ப்பட்டவரை ஈரப்பாறைக்கு அனுப்பினால்தான் புத்தி வரும், அந்தப் பெயரைக் கேட்டாலே இவருக்குக் காய்ச்சல் வந்துவிடும்' என்று முடித்தேன்.

"காய்ச்சல் வராதே தம்பி."

"வேற என்னதான் சார் வரும்?"

நிமிர்ந்து பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். காய்ச்சலை அடித்துவிட்டு, 'ஈரப்பாறை என்ற பெயரைச் சொன்னாலே இவர் அழுதுவிடுகிறார்' என்று எழுதி, கவரை ஒட்டி, தபால் பெட்டியில் போட்டேன்.

இருபதாம் நாள், கோடை லீவு முடிந்து பள்ளி திறந்த அன்றைக்கே, டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துவிட்டது. பள்ளிக்கூடமே துக்கம் விசாரித்தது. ஹெட்மாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. "எந்தப் படுபாவி எழுதிப் போட்டானோ! மச்சான் ஒருத்தன் திருச்சியில இருக்கான், இன்னிக்கே போயி கேன்சல் பண்ணிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அட்டை சார் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாங்க சார்... தப்பு பண்ணிட்டேன், அனுபவிச்சிடுறேன்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். நானும்தான் அழுதேன். எனக்குக் காரணம் வேறு. அந்த அறைக்கு இனி நான் மட்டும்தான்.

இரண்டு மாதம் ஒரு கடிதமும் இல்லை. பிறகு ஒன்று வந்தது, அவர் கையெழுத்தில் இல்லை. கோணல் கோணலான எழுத்து, ஈரம் பட்டு மை கலைந்திருந்தது.

'ஐயா, நான் ஈரப்பாறை ஐந்தாம் வகுப்பு பொம்மி. பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பதினோரு பேரும் படிக்கிறோம். எஸ்டேட்டுக்கு ஒருவரும் போகவில்லை. ஒரே கஷ்டம், சார் எந்நேரமும் பெரம்பலூரைப் பற்றியே பேசுகிறார். அங்கே வெயில் எப்படி அடிக்கும், வடாம் எத்தனை மணியில் காயும், நீங்கள் எப்படிச் சிரிப்பீர்கள் என்று தினமும் சொல்கிறார். நாங்கள் அவருக்குப் பெரம்பலூர் சார் என்று பெயர் வைத்துவிட்டோம். நீங்கள் ஒரு தடவை வந்துவிட்டுப் போனால் எங்களுக்கு நிம்மதி. இது சாருக்குத் தெரியாமல் எழுதியது.'

இரண்டு முறை படித்தேன். அன்றைக்கே பத்து நாள் லீவு எழுதி நீட்டினேன். காரணம் என்ற இடத்தில் 'ஈரப்பாறையில் நெருங்கிய உறவினரைப் பார்க்க' என்று போட்டிருந்தேன். ஹெட்மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படித்தார்.

"ஒறவு என்ன மொறைன்னு போடலையே?" என்றார்.

பேனாவை வாங்கி, 'அண்ணன்' என்று எழுதிக் கொடுத்தேன்.