மனசைத் திறக்கச் சொல்கிறவர்

அடுத்தவர் மனசைத் திறப்பதற்கென்றே ஊருக்கு ஒருவர் பிறந்திருக்கிறார். இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். டீக்கடையில் சும்மா உட்கார்ந்திருங்கள், போதும். பக்கத்தில் வந்து, தோளில் கையைப் போட்டு, "என்னத்தையோ உள்ளயே போட்டு அமுக்குறீக, கொட்டிருங்க" என்பார். கொட்டுவதற்கு உங்களிடம் ஒன்றும் இல்லை என்கிறீர்களா? அதுதான் முதல் அறிகுறியாம்.

முதுகுளத்தூர்ப் பக்கம் இந்த இனத்துக்குப் பிரதிநிதி எங்கள் பூமிநாதன். மிளகாய் பயிரிடுகிற சம்சாரி. மனநலம் பற்றிக் கைப்பேசியில் யார் பேசினாலும் கேட்டுவிடுவார். கேட்டதோடு விட்டாரா? பல் விளக்குமுன்பே வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர் குழுவுக்கு 'அழுதால் பாரம் குறையும்', விவசாயிகள் குழுவுக்கு 'ஆண்களும் அழலாம்' என்று அனுப்பிவிடுவார். யூரியா வந்திருக்கிறதா என்று அங்கே கேட்டவருக்கு உரக்கடை வேல்சாமி பதில் எழுதுவதற்குள் அதன்மேல் நாலு வீடியோ விழுந்திருக்கும். ஒருநாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மாரிச்செல்வத்தை வரப்பில் உட்காரவைத்து, அவன் மனைவியோடு போட்ட சின்னச் சண்டையைத் தோண்டித் தோண்டிக் கேட்டு, ஒருவழியாக அழவும் வைத்துவிட்டார். அதற்குள் ஆடுகள் யாருடைய பருத்திக்குள்ளோ புகுந்துவிட்டன. பாவம், அவன் அழுவதற்கு அப்போதுதான் சரியான காரணம் கிடைத்தது.

சரி, இவர் மனசு? "நமக்கென்ன, நல்லாத்தான இருக்கோம்." அவ்வளவுதான். குழம்பு நன்றாயிருக்கிறது என்றுகூட அவர் வாயால் கேட்டதில்லை என்பது அவர் மனைவி கனகலட்சுமியின் நெடுநாள் புகார்.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாசி, பங்குனியில் களத்தில் மிளகாய்ப் பழம் காயும். ஊரில் பெரிய மனிதர்கள் அழுவதென்றால் அங்கேதான் போவார்கள். பழத்தைக் கிளறிவிடுகிற சாக்கில் ஆசைதீர அழுது, துண்டால் முகத்தைத் துடைத்து, "என்னா நெடி" என்றபடி வீடு திரும்பலாம். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். எல்லோருக்கும் தேவைப்படுகிற வசதியல்லவா? பூமிநாதனைப் பெற்ற அய்யா காலமானதும் ஒரு பங்குனியில்தான். மனிதருக்கு சௌகரியமாகப் போயிற்று.

இந்த ஐப்பசியில் அவர் மகள் சத்யப்பிரியாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. முதல் தடவையாக வீட்டைவிட்டுப் போகிறாள். ஒரே பெண். ஊரையே மனசுவிட்டுப் பேசச் சொல்கிற அய்யா தன்னிடமும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று சாப்பிடும்போதும் பை கட்டும்போதும் அவரையே சுற்றி வந்தாள். அவரும் சும்மா இருக்கவில்லை. 'பிரிவைத் தாங்குவது எப்படி' என்ற வீடியோவை அடுத்த அறையிலிருந்தே அவளுக்கு அனுப்பினார்.

கிளம்புகிற அன்று வாசலில் நின்று அவளே கேட்டுவிட்டாள்.

"அய்யா, நான் போறது ஒங்களுக்குக் கஷ்டமாவே இல்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லத்தா. பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு" என்றவர், களத்தைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி விறுவிறுவென்று நடந்தார். அவள் விடவில்லை, பின்னாலேயே போனாள். காலடிச் சத்தம் கேட்டு அவர் திரும்பியபோது கண் இரண்டும் சிவந்து, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவசரமாகத் துண்டை எடுத்துத் துடைத்தார்.

"என்னா நெடி" என்றார்.

சத்யப்பிரியா களத்தைப் பார்த்தாள். ராத்திரி பெய்த மழை அதில் தேங்கிக் கிடந்தது. இந்த வருஷத்து மிளகாய் வயலில் இப்போதுதான் முளைத்து ரெண்டு இலை விட்டிருந்தது.

"ஆமாய்யா, ரொம்ப நெடி" என்று சொல்லி, அவர் துண்டின் மறுமுனையை வாங்கிக்கொண்டு அவளும் அழுதாள். பஸ் போயே போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் அவளை ஏற்றிவிடும்போது, "போயிட்டு ராத்திரிக்குப் பேசுத்தா. நீ இல்லாம வீடு நல்லாவே இருக்காது" என்று ஜன்னலோரம் நின்று சொன்னார். அனுப்பவில்லை, சொன்னார்.

திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களா? சாயங்காலமே எல்லாக் குழுவுக்கும் 'பிள்ளைகளிடம் மனம்விட்டுப் பேசுங்கள்' வந்து சேர்ந்தது.

இதை வாசித்ததும், 'அட, இது நம்ம மச்சானேதான், உடனே அவருக்கு அனுப்பணும்' என்று உங்கள் விரல் துறுதுறுக்கிறதா? தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால் அடுத்த அறையை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அங்கே யாராவது உங்களையே பார்த்துக்கொண்டிருந்து, உங்கள் கண்ணும் கலங்கினால், நெடி என்று சொல்லுமுன் இது எந்த மாதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.