சலவைக்குப் போடும் முன் ஒரு தண்ணி

ஒரு காட்டில், ஏரிக்கரைப் பக்கமாக, செங்கமலம் என்கிற எருமையம்மா இருந்தாள். மூன்று பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, கல்யாணம் காட்சி பார்த்து முடித்து, இப்போது தானுண்டு சாமியுண்டு என்று இருந்தாள். காலையில் அரசமரத்துப் பிள்ளையாருக்கு ஒரு விளக்கு, சாயங்காலம் ஒரு விளக்கு. அம்மன் கோயில் பக்கம் மட்டும் போக மாட்டாள். அது பழைய குடும்பச் சங்கடம். எருமை வம்சத்தில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

மூத்த மருமகள் மிருதுளாவுக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு என்று முடிவாயிற்று. மிருதுளா பெயருக்குத்தான் மிருது. கிளிப்பச்சையில் குங்குமக் கரை போட்ட ஒரு பட்டுப் புடவையைக் கொண்டுவந்து மாமியார் முன்னால் வைத்தாள். பதினெட்டு முழம். எருமைக்கு இடுப்பைச் சுற்றவே அவ்வளவு வேண்டும்.

"அத்தை, அன்னைக்கு இதைத்தான் கட்டணும். எங்க பெரியம்மா, சித்தி எல்லாரும் வர்றாங்க. ஒண்ணே ஒண்ணு, இதைத் தண்ணியில மட்டும் போட்டுடாதீங்க. அழுக்கானா டிரை கிளீனிங்தான். புரிஞ்சுதா?"

"புரியாம என்னம்மா? உன் புடவையைக் கண்ணுல வச்சுப் பாத்துக்கிறேன்."

கண்ணில் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவள் திங்கட்கிழமையே இடுப்பில் வைத்தாள். புதுத்துணியை முதலில் சாமிக்குக் காட்ட வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சாமிக்கு மட்டும் காட்டுவதென்றால் குறுக்குவழியில் போயிருக்கலாம். மான்கள் கூட்டமாக மேயும் பக்கமெல்லாம் சுற்றி, யாராவது "புதுசா?" என்று கேட்கமாட்டார்களா என்று நின்று நின்று போயிருக்க வேண்டாம்.

சாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். விளக்கு ஏற்றும்போது கிண்ணத்து எண்ணெய் அப்படியே மடியில் கவிழ்ந்தது. பதறிப்போய்த் திரும்பி வரும் வழியில் ஒரு சேற்றுக்குட்டை தெரிந்தது. புடவையை மறந்து கால் தானாக மடங்கிவிட்டது. பிறவிக் குணம். அரைமணி நேரம் கழித்துத்தான் தான் கட்டியிருப்பது பட்டு என்று ஞாபகம் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில், புடவையை வீட்டில் மறைத்து வைத்துவிட்டு, வெறுங்கையோடு சலவைக் கடைக்கு விசாரிக்கப் போனாள். கடைக்காரர் தவமணி என்கிற கொக்கு. 'தண்ணீரே படாத சலவை' என்று பலகை மாட்டியிருந்தது. பலகைக்குக் கீழேயே கொக்கு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று இருந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மா, இந்தப் படிவத்தை நிரப்பி, துணியோட கொண்டு வாங்க. டோக்கன் நாளைக்குப் போட்டிருக்கேன்" என்றது கொக்கு.

வீட்டுக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். கறை எந்த இடத்தில்? எழுதினாள். கறை எதனால்? கொஞ்சம் கூச்சப்பட்டு, எழுதினாள். கறைக்குக் காரணமானவர் பெயர்? இங்கேதான் பேனா நின்றுவிட்டது. பிள்ளையார் என்று எழுதலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

புடவையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். எண்ணெய், சேறு, சேற்றில் ஒட்டிய பாசி. இதைப் போய் நாலு பேர் நிற்கிற கடையில் எப்படி விரிப்பது? ‘பெரிய குடும்பத்து எருமை, புடவையைப் பாரு’ என்று பேசமாட்டார்களா? அழுக்குத் துணியை அடுத்தவர் கையில் கொடுக்கிறோமே, அவர்களுக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

"ஒரே ஒரு தண்ணி" என்றாள் தனக்குள். "மேலாக."

மேலாக அலசினாள். சேறு போயிற்று, எண்ணெய் போகவில்லை. பூந்திக்கொட்டை போட்டாள். எண்ணெய் போயிற்று. கூடவே குங்குமக் கரையும் கிளம்பி, கிளிப்பச்சைக்குள் குடிபோயிற்று. வெயிலில் காயப்போட்டாள். காய்ந்ததும் எடுத்துச் சுற்றிப் பார்த்தாள். புடவை சுருங்கிப்போய், பின்பக்கம் பாதியிலேயே நின்றுவிட்டது.

புதன்கிழமை கடையில் வரிசை நீளமாக இருந்தது. தன் முறை வந்ததும், சுருட்டிய புடவையை மூடினாற்போல மேஜையில் வைத்தாள். கொக்கு அலகால் விரித்தது.

"அம்மா, படிவத்துல எண்ணெய்க்கறைன்னு எழுதியிருக்கீங்க. கறை எங்கே?"

"இருந்துச்சு தம்பி. நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு."

"துவைச்சீங்களா?"

"சேச்சே! துவைக்கலை. அலசினேன். அவ்வளவு அழுக்கா எப்படித் தம்பி உங்க கையில கொடுக்கிறது?"

கொக்கு ஆச்சரியப்படவில்லை. கழுத்தை நீட்டி அவளுக்குப் பின்னால் காட்டியது. அங்கே நின்ற காக்கையின் கறுப்புக் கோட்டு சோப்பு வாசனையில் மணத்தது. அதற்கும் பின்னால் நின்ற கரடியின் கம்பளிச் சட்டையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டை அணில் அளவுக்கு வந்திருந்தது.

"சும்மா ஒரு முக்கு முக்கினேன்" என்றது கரடி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஏழு வருஷமாக் கடை வச்சிருக்கேன்மா" என்றது கொக்கு. "உள்ளே பெரிய மெஷின் இருக்கு. உறை கூடப் பிரிக்கலை. அழுக்கா ஒரே ஒரு துணி வந்துடாதான்னுதான் நானும் ஒத்தக் கால்ல நிக்கிறேன்."

"அப்போ பொழைப்பு எப்படித் தம்பி நடக்குது?"

கொக்கு ஒரு சீட்டுக்கட்டை எடுத்து வைத்தது. 'எங்கள் கவனக்குறைவால் தங்கள் துணி பாழாகிவிட்டது. மிகவும் வருந்துகிறோம்.' கீழே கடை முத்திரை பளபளத்தது.

"இதுக்குத்தான் கூட்டம். யாருக்குக் காட்டணும்? மாமியாருக்குன்னா நீலச்சீட்டு, மருமகளுக்குன்னா மஞ்சள்."

செங்கமலம் சீட்டைத் தள்ளி வைத்தாள். "ஐயையோ, நான் தினமும் விளக்குப் போடுறவ. என் வாயால பொய் வராது தம்பி."

"நீங்க ஏன்மா சொல்றீங்க? சீட்டு சொல்லும்."

"தள்ளுங்கம்மா, எங்களுக்கும் வேலை இருக்குல்ல" என்றது காக்கை. "எனக்கு ரெண்டு நீலம்."

மஞ்சளை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு நேரே பிள்ளையாரிடம் போனாள். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று தீர்மானமாகத்தான் போனாள். "அப்பனே, அந்தப் புடவை மேல லேசாத் தண்ணி பட்டுடுச்சு" என்றாள். சொன்ன பிறகு, சாமிக்கும் கொஞ்சம் அலசித்தான் கொடுத்திருக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்தது. பிள்ளையாரிடமும் வரிசையில் நிறையப் பேர் நின்றார்கள்.

வியாழக்கிழமை மிருதுளா சீட்டைப் படித்தாள். ஒருமுறை புடவையைப் பார்த்தாள். பிறகு, நிறைமாத வயிற்றோடு, வளைகாப்புக்கு முன்கூட்டியே வந்திறங்கிய பெரியம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு கடைக்கே போய்விட்டாள். செங்கமலம் பின்னாலேயே ஓடினாள்.

"கடை நடத்துறீங்களா, இல்ல குட்டையில மீன் பிடிக்கிறீங்களா?" என்று ஆரம்பித்தாள் மிருதுளா. "பட்டுன்னா என்னன்னு தெரியுமா? பாவம் எங்க அத்தை, வாயில்லாப் பூச்சி. அவங்களை ஏமாத்திட்டீங்க!"

கொக்கு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. ஒவ்வொரு திட்டுக்கும் அதன் கழுத்து ஒரு வளைவு வளைந்தது. செங்கமலத்தால் தாங்க முடியவில்லை. ஒரு குற்றமும் செய்யாத பிள்ளை இப்படித் திட்டு வாங்குகிறதே. போனால் போகிறது மானம் என்று, "அம்மா மிருதுளா, அந்தத் தம்பி மேல தப்பில்லை..." என்று வாயைத் திறந்தாள்.

"பாத்தீங்களா பெரியம்மா, எங்க அத்தை மனசை!" என்றாள் மிருதுளா. அவள் கண் கலங்கிவிட்டது. "புடவையைப் பாழாக்கினவனுக்கே பரிஞ்சு பேசுறாங்க. இந்த மாதிரி மாமியார் யாருக்குக் கிடைக்கும்?"

பெரியம்மாவும் சித்தியும் செங்கமலத்தை ஒரு கோயிலைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கொக்கு அவளைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தது. 'தயவுசெஞ்சு என் பொழைப்பைக் கெடுத்துடாதீங்கம்மா' என்று அதற்கு அர்த்தம்.

மிருதுளா மாமியாரின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். "கவலைப்படாதீங்க அத்தை. நாளைக்கு என்னோட இன்னொரு பட்டைக் கட்டிக்கங்க. ஆனா ஒண்ணு. இந்தக் கடையெல்லாம் நம்பவே கூடாது. பேசாம வீட்டுலயே ஒரு தண்ணி அலசிப் போட்டிருந்தீங்கன்னா, புடவை புதுசு மாதிரி இருந்திருக்கும்."

செங்கமலத்தின் தொண்டை வரைக்கும் உண்மை வந்தது. வெளியே விடவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அப்படியே கடைவாய்க்குத் தள்ளி, மெல்ல ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செல்போன் கூவியது. 'எங்கள் சேவை எப்படி இருந்தது? நட்சத்திரம் இடவும்.' ஒன்றா, இரண்டா என்று நியாயமாக யோசித்துத்தான் குளம்பை வைத்தாள். குளம்பு பெரிது. ஐந்தும் ஒன்றாக விழுந்துவிட்டன.

அன்று தொடங்கியதுதான். எருமைகள் எதுவும் தின்னாத நேரத்திலும் எதையோ மென்றுகொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது புல் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

நீதி: சலவைக்கடைக்கு அழுக்குத் துணியோடு போவது நல்ல குடும்பத்துக்கு அழகல்ல. வீட்டிலேயே பாழாக்கிக்கொண்டு போகவும்.