சனிக்கிழமை வரைக்கும் முடியைத் தொடாதே மச்சான்

கூடுவாஞ்சேரி,
வியாழக்கிழமை மதியம்.

மதிப்பிற்குரிய மைத்துனர் திரு. பார்த்தசாரதி அவர்களுக்கு, தங்கள் அக்காள் கணவன் ராஜேந்திரன் எழுதிக்கொள்வது. இவ்விடம் என் தலையைத் தவிர மற்ற யாவும் சௌக்கியம். செங்கல்பட்டில் தாங்களும், தங்கள் இல்லாளும், தங்கள் தலைமுடியும் சௌக்கியமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். தலைமுடியைத் தனியாக ஏன் விசாரிக்கிறேன் என்பது போகப்போகத் தெரியும். அதுவரை சலூன் இருக்கும் தெருப்பக்கம் தாங்கள் போகவேண்டாம்.

என் நம்பரையும் உங்க அக்கா விஜயகுமாரி நம்பரையும் தாங்கள் பிளாக் செய்திருப்பதாலும், போன தடவை நேரில் வந்தபோது கதவைச் சாத்தியதாலும் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நான் முடித்துக்கொடுத்த மனையில் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் நின்று அல்லி பூத்தது வாஸ்தவம். கோபம் நியாயம். ஆனால் இப்ப பேச்சு மனையைப் பத்தி இல்ல, ரேணுகா படிப்பைப் பத்தி.

உன் அக்கா பொண்ணு யுனிவர்சிட்டில கேமரா படிப்பு படிக்கறது உனக்குத் தெரியும். கடைசி வருஷம் ஒரு சின்னப் படம் எடுத்துக் காட்டினாத்தான் டிகிரி. நடிக்கறேன்னு சொன்ன ஆளு கடைசி நேரத்துல வரலன்னுட்டான், நான் மாட்டிகினேன். வசனம் கிடையாது. நடக்கணும், நிக்கணும், கடலப் பாக்கணும், அவ்ளோதான்னு சொன்னா. இன்னா அவ்ளோதான்? லைட் மீட்டர்னு ஒரு டப்பா, அத என் தாடைகிட்ட கொண்டாந்து வெளிச்சம் எவ்ளோன்னு பாக்கறா, ஜுரம் பாக்கற மாதிரி கீது. அவகூடப் படிக்கற ஜான்சன் டேப்ப இழுத்து லென்ஸ்லேருந்து என் மூக்கு வரைக்கும் அளந்து, மணல்ல கோடு போட்டு, "அங்கிள், இதத் தாண்டினா மங்கிடுவீங்க"ன்றான். இருவது வருஷமா ஊர் பூரா மனைக்குக் கல்லு நட்டவன் நான், எனக்கே எல்லை போடறான். எல்லாத்துக்கும் மேல கண்டினியுட்டின்னு ஒண்ணு. மொத ஷாட்ல எப்டி இருந்தனோ கடைசி ஷாட்லயும் அப்டியே இருக்கணுமாம். தாடி, முடி எதையும் தொடமாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகினா.

பாக்கி இருக்கறது ஒரே ஷாட்டு. சதுரங்கப்பட்டினத்துல கோட்டைக்குப் பின்னால நான் கடலப் பாத்து நிக்கணும், கேமரா எனக்குப் பின்னால. எதுருல சூரியன் எழும்பும். நான் கறுப்பா தெரிவனாம், முடி ஓரத்துல மட்டும் வெளிச்சம் கோடு மாதிரி ஓடுமாம். அவ படிச்சதே அந்தக் கோட்டுக்காகத்தான்ற மாதிரி பேசறா. மூணு நாளு விடிகாலைல போனோம், மூணு நாளும் மேகம். திங்கக்கிழமை கேமராவ டிபார்ட்மெண்ட்டுல திருப்பிக் குடுக்கணும், படத்தையும் குடுக்கணும். இல்லன்னா ஒரு வருஷம் போச்சு. வெள்ளிக்கிழமை அவளுக்கு கிளாஸ், ஞாயித்துக்கிழமை படத்த வெட்டி ஒட்டணும், அதனால சனிக்கிழமைய வுட்டா வேற நாளே இல்ல.

இந்தக் கவலையிலதான் மச்சான் புத்தி கெட்டுப்போச்சு. நேத்து ஒரு பார்ட்டிக்கு மனை காட்ட திருப்போரூர் போனேன். பார்ட்டி வரல. சும்மா நிக்கறதுக்கு முருகனப் பாக்கலாம்னு கோயிலுக்குப் போயி, "சனிக்கிழமை மேகம் இல்லாம பாத்துக்கப்பா, படம் முடிஞ்சதும் மொட்ட போடறேன்"னு வேண்டிகினேன். அத்தோட வூட்டுக்கு வந்திருக்கலாம். வெளிய வரும்போது என் புரோக்கர் புத்தி முழிச்சிக்கிச்சு. அட்வான்ஸ் போடாதவனுக்கு எவன் மனைய நிறுத்தி வெப்பான்? வேண்டிக்கறவன் ஆயிரம் பேரு, முருகன் யாருன்னு ஞாபகம் வெச்சிப்பாரு? நேரா போயி மொட்ட போடற எடத்துல உக்காந்துட்டேன். முன்னந்தல பூரா வழிச்சி, கத்தி உச்சியத் தாண்டும்போது போன் அடிக்குது. ரேணுகா. "அப்பா, சும்மா ஞாபகப்படுத்தறேன், முடியத் தொட்றாத, சரியா?" கத்தி வெச்சிருந்தவரு "சார், தலைய ஆட்டாதீங்க"ன்றாரு. நான் "சரிம்மா"ன்றேன். பாதியில நிறுத்துங்கன்னு அவரு கையப் புடிச்சேன். அவரு கண்ணாடியக் காட்டினாரு. அந்த மூஞ்சியப் பாத்துட்டு நானே "முழுசா எடுத்துடுங்க"ன்னுட்டேன்.

வூட்டுக்கு வந்தா உங்க அக்கா கதவத் தொறந்து "யாரு வேணும்"னு கேட்டா. தெரிஞ்சதும் ஒரே அழுகை. "என் பொண்ணோட ஒரு வருஷத்த திருப்போரூர்ல கொட்டிட்டு வந்துட்டியேய்யா"ன்னா. சாயங்காலம் ரேணுகா ஆஸ்டல்லேருந்து வீடியோ கால் பண்றா, ஹெல்மெட்ட மாட்டிகினு பேசினேன். "வூட்டுக்குள்ள இன்னாத்துக்குப்பா ஹெல்மெட்டு?" "இப்பதாம்மா வண்டியவுட்டு எறங்கனேன்." கையில சாம்பார் சாதம். இன்னிக்கிக் காலைல டோப்பா ஒண்ணு வாங்கியாந்து, கடல் காத்துக்குத் தாங்குமான்னு மாடியில நின்னு பாத்தேன். பறந்து போயி பக்கத்து வூட்டுத் தண்ணித் தொட்டியில விழுந்துச்சு. அந்த வூட்டு கன்னியம்மா செத்த எலின்னு நெனச்சி தொட்டித் தண்ணி பூராத்தையும் தொறந்து வுட்டுட்டாங்க. இப்ப அவங்களும் பேசறதில்ல.

ஒரே வழி நீதான் மச்சான். ஒரு கல்யாணத்துல உங்க அக்கா என்னப் பின்னாலேருந்து பாத்து நீன்னு நெனச்சி, "டேய், அந்தாளு எங்கடா போயித் தொலஞ்சாரு"ன்னு எங்கிட்டயே கேட்டா. தோளு, கழுத்து, பின்மண்ட எல்லாம் ஒண்ணேதான். சனிக்கிழமை விடிகாலை அஞ்சு மணிக்கு கோட்டைக்குப் பின்னால வா, என் சட்டையப் போட்டுக்க, நாலு நிமிஷம் கடலப் பாத்து நில்லு. திரும்பாத. நான் படகுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கறேன். பயமா கீது மச்சான். எத்தினி பேருகிட்டயோ பொய் சொல்லி மனை வித்துகீறேன், எம்பொண்ணுகிட்ட சொல்ல வாய் வரமாட்டேங்குது. என்னத் திட்டட்டும், தாங்கிப்பேன். அவ அழுதா தாங்கமாட்டேன். உன் கால்ல வேணா வுழறேன், சனிக்கிழமை வரைக்கும் முடியத் தொடாத.

தங்கள் இல்லத்தில் செல்வமும், சிரத்தில் கேசமும் குறைவின்றி நிலைக்க வாழ்த்தும்,
ராஜேந்திரன்

பி.கு.: கூரியர் ஆபீஸ்ல நின்னுகினு எழுதறேன். இப்பத்தான் ரேணுகா போன் பண்ணா. இது வரைக்கும் எடுத்தத பெரிய திரையில போட்டுப் பாத்தாங்களாம், எல்லாமே மங்கலாம். டிபார்ட்மெண்ட்டுல குடுத்த லென்ஸே கோளாறாம். வாத்தியாரு தப்ப ஒத்துகினு, வேற லென்ஸ் குடுத்து, பதினஞ்சு நாளு டைமும் குடுத்துட்டாராம். மொதல்லேருந்து எடுக்கணும். சந்தோஷத்துல வாய் தவறி மொட்டையச் சொல்லிட்டேன். "எனக்காகவாப்பா அடிச்ச?"ன்னா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அடுத்த நிமிஷமே "சரி வுடுப்பா, புதுசாத்தான எடுக்கறோம், பார்த்தசாரதி மாமாவ நடிக்கச் சொல்றேன், அவருக்கு முடி இருக்கு"ன்றா. சனிக்கிழமை உன் வூட்டுக்கு வராளாம். எம்பொண்ணு கேமராவுக்குப் பின்னாலேருந்து "ஆக்‌ஷன்"னு சொல்லும்போது முன்னால நிக்கறது எப்டி இருக்கும்னு உனக்குத் தெரியாது மச்சான். அத நான் யாருக்கும் வுட்டுத் தரமாட்டேன். மேல எழுதினதெல்லாம் அடிச்சிடு. இத படிச்ச கையோட திருப்போரூர் போயி மொட்ட போட்டுக்க. ரெண்டு பேருமே மொட்டன்னா சீனியாரிட்டி எனக்குத்தான்.